சொந்த வேகத்தில் கணக்கு: அடித்தளம் ஆட்டம் காணும் மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவருக்கானது. வகுப்பில் பாடம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நமக்கோ இரண்டு வகுப்பு முன்பே பிடி விட்டுப்போயிற்று என்ற நிலையில் இருப்பவர்கள் வீட்டிலேயே, தங்கள் வேகத்தில், விட்ட இடத்திலிருந்து கட்டிக்கொண்டு வரும் முறை இது. ‘சொந்த வேகம்’ என்றால் மெதுவாகப் படிப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த படிக்கு எப்போது போகலாம் என்பதை நாள்காட்டி முடிவு செய்யாமல் ஒரு சிறு சோதனை முடிவு செய்வதுதான் அது. சில பாடம் இரண்டே நாளில் முடியும், சில பாடம் மூன்று வாரம் இழுக்கும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறாம் வகுப்பு முதல் உங்கள் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகங்கள் தேவை. பழைய புத்தகங்களைக் கடையில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. தேவையான பயிற்சிப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பத்து நிமிடத்தில் வேறெங்கோ போய்விடுவீர்கள்.

கோடு போடாத நோட்டு ஒன்று, கணக்குப் போட. 80 பக்க நோட்டு ஒன்று, பிழைகளை எழுத. பென்சில் வேண்டாம், பேனா. தவறான வரியை ரப்பரால் அழித்துவிட்டால் எங்கே தவறினோம் என்ற தடயமும் அதோடு போய்விடும். ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுதுங்கள்.

ஜியாமெட்ரி பாக்ஸ், வரைபடத்தாள், ஒரு கடிகாரம். கால்குலேட்டரும் கைடும் மேசையில் இருக்கவே கூடாது.

2. எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, தன் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது. இரண்டாவது தவறு அதற்கு நேர் எதிரானது: ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வரிவிடாமல் போடுவது. முதலாமவர் பத்து நாளில் விட்டுவிடுவார். இரண்டாமவர் தெரிந்த கணக்கையே இரண்டு மாதம் போட்டுச் சலித்துப்போவார். அதனால் முதலில் ஒரு சோதனை.

கீழே ஐந்து தொகுப்பு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நான்கு கணக்கு. ‘எக்ஸ்’ என்று இருப்பதை நோட்டில் வழக்கமான குறியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அ. முழுக்கள்: −7 − 5, 8 − (−6), (−3) × (−4), (−18) ÷ 3.

ஆ. பின்னங்கள்: 2/3 + 3/4, 5/6 − 3/8, 3/4 ÷ 9/8, 7 × 2/21.

இ. அடைப்புக்குறி நீக்கல்: 7 − (4 − 9); 3எக்ஸ் − 2(எக்ஸ் − 5); 5எக்ஸ் − (2எக்ஸ் − 3); −3(2எக்ஸ் + 1) + 6எக்ஸ்.

ஈ. சமன்பாடு: 5எக்ஸ் − 7 = 2எக்ஸ் + 8; 3(எக்ஸ் − 2) = 12; எக்ஸ்/3 + 2 = 7; எக்ஸ்/2 + எக்ஸ்/3 = 10.

உ. எண் ஜோடி: கூட்டினால் 7, பெருக்கினால் 12; கூட்டினால் −1, பெருக்கினால் −6; கூட்டினால் 1, பெருக்கினால் −20; கூட்டினால் −11, பெருக்கினால் 30.

நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு தொகுப்புக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று ஓரத்தில் குறியுங்கள். நான்கும் சரியாக வந்து, ஒரு கணக்குக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் அந்தத் தொகுப்பை விட்டுவிடலாம். நான்கும் சரி, ஆனால் பதினைந்து நிமிடம் ஆயிற்று என்றால் அது இன்னும் உறுதியாகவில்லை, தேர்வு அறையில் உதவாது.

விடைகள்: அ) −12, 14, 12, −6. ஆ) 17/12, 11/24, 2/3, 2/3. இ) 12, எக்ஸ் + 10, 3எக்ஸ் + 3, −3. ஈ) 5, 6, 15, 12. உ) 3, 4; −3, 2; 5, −4; −5, −6.

இரண்டு அல்லது அதற்கு மேல் தவறிய தொகுப்புகளில் எது மேலே இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். ‘ஈ’ நன்றாக வருகிறது, ‘ஆ’ மட்டும் வரவில்லை என்றாலும் ‘ஆ’தான் தொடக்கம். பத்தாம் வகுப்பில் சாய்வு காணும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். (4, 5), (−3, −2) என்ற இரண்டு புள்ளிகள். சூத்திரத்தில் போட்டால் மேலே −2 − 5, கீழே −3 − 4. ஆக −7/−7, சாய்வு 1. சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கூட −2 − 5ஐ −3 என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார். அவருக்கு ஆயத்தொலை வடிவியல் வரவில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். வராதது ஏழாம் வகுப்பு முழுக்கள்.

3. படிகளின் வரிசை

வாய்ப்பாடு, முழுக்கள், பின்னம், அடைப்புக்குறியும் முற்றொருமைகளும், நேரிய சமன்பாடு, காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் முந்தியதைக் கருவியாகப் பயன்படுத்துகிறது.

வாய்ப்பாட்டை ஒப்பிப்பது இங்கே போதாது. ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று முன்னோக்கி வருவது எல்லோருக்கும் ஓரளவு வரும். காரணிப்படுத்தும்போது வேண்டியது பின்னோக்கி வருவது: 56 என்றதும் 1 × 56, 2 × 28, 4 × 14, 7 × 8 என்று நான்கு ஜோடியும் மனதில் எழ வேண்டும். தினமும் ஐந்து எண்ணுக்கு எல்லா ஜோடிகளையும் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. 24, 36, 48, 60, 72 ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

சதவீதம், வட்டி, இலாப நட்டம் ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாழ்க்கைக்குத் தேவைதான், ஆனால் இருபடிச் சமன்பாட்டுக்குப் போகும் வழியில் அவை இல்லை.

உத்தேசமாக, வாரத்தில் ஆறு நாள், தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் முழுக்களுக்கு ஒன்றிரண்டு வாரம், பின்னத்துக்கு மூன்று வாரம், அடைப்புக்குறிக்கும் சமன்பாட்டுக்கும் சேர்த்து மூன்று வாரம், காரணிப்படுத்துதலுக்கு மூன்று வாரம் ஆகும். பின்னத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். அதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்து, பிறகு விகிதமுறு கோவைகளில் வந்து முட்டி நிற்கிறார்கள்.

4. ஒரு நாள், 45 நிமிடம்

முதல் 8 நிமிடம்: நேற்றும் அதற்கு முன்பும் போட்ட கணக்குகளில் நான்கை, நோட்டைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். இதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் ஒருநாளும் நடக்காது.

அடுத்த 10 நிமிடம்: புத்தகத்தில் தீர்வோடு இருக்கும் எடுத்துக்காட்டு ஒன்று. அதைப் படிக்கக் கூடாது. ஒரு தாளால் தீர்வை மூடி, முதல் வரியை நீங்களே எழுதி, பிறகு தாளை ஒரு வரி கீழே இழுத்து ஒப்பிடுங்கள். மறுபடி உங்கள் வரி, மறுபடி ஒரு வரி இழுத்தல். கண்ணால் ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு வரியும் ‘ஆமா, சரிதானே’ என்றுதான் தோன்றும். அடுத்த வரி என்ன என்று நீங்களே முடிவெடுக்கும்போதுதான் எது தெரியாது என்பது வெளியே வரும்.

அடுத்த 20 நிமிடம்: பயிற்சிக் கணக்குகளில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை மட்டும். இரட்டைப்படைக் கணக்குகளைத் தொடாதீர்கள், அவை சோதனைக்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிட்டால் பிறகு உங்களைச் சோதிக்கப் புதுக் கணக்கே மிஞ்சாது.

கடைசி 7 நிமிடம்: புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒப்பிட்டு, பிழை நோட்டில் எழுதுவது.

ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் ஏழு நிமிடம் முட்டிப் பாருங்கள். கையை ஓட்ட வேண்டும், வெறித்துப் பார்ப்பது கணக்கில் வராது. அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் அதே மாதிரி எடுத்துக்காட்டில் அடுத்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். தீர்ந்ததும் மூடிவைத்துவிட்டு முதல் வரியிலிருந்து திரும்பப் போடுங்கள். பார்த்து முடித்த கணக்கை முடித்த கணக்காக எண்ணக் கூடாது.

5. வாசல் சோதனை

ஒரு படி முடிந்தது என்று தோன்றிய அன்றே சோதித்துக்கொள்வதுதான் சொந்தமாகப் படிப்பவர்கள் ஏமாறும் இடம். பதினைந்து கணக்குப் போட்ட சூட்டில் பதினாறாவதும் வரும். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அந்த நாட்களில் வேறு பாடம், உதாரணமாக வடிவியல் வரைதல், செய்யலாம்.

பிறகு ஒதுக்கி வைத்த இரட்டைப்படைக் கணக்குகளில் எட்டு, பழைய படிகளிலிருந்து கலந்து இரண்டு. எட்டில் ஏழு சரியென்றால் மேலே போங்கள். ஐந்து, ஆறு என்றால் அதே படியில் இன்னும் இரண்டு மூன்று நாள். நான்கு அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

எட்டுக்கு எட்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஒரு பிழை யாருக்கும் வரும். இரண்டு பிழை ஒரே மாதிரி வந்தால் அது பழக்கம், அதைக் களையாமல் மேலே போகக் கூடாது.

மூன்று முறை முயன்றும் வாசல் திறக்கவில்லை என்றால் கணக்கின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. தவறான முறையை இன்னும் நூறு தடவை பழகுவீர்கள், அவ்வளவுதான். பிழை நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போகும் நேரம் அது.

6. பிழை நோட்டு

இந்த முறை முழுவதும் இந்த நோட்டில்தான் நிற்கிறது. பக்கத்தில் நான்கு பத்தி: தேதி, கணக்கு, தவறிய அந்த ஒரு வரி, ஏன் தவறியது. ‘ஏன்’ என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்குத் தடை. அந்தச் சொல்லை எழுதிவிட்டால் மேற்கொண்டு எதையும் திருத்த முடியாது.

எடுத்துக்காட்டாக 3எக்ஸ் − 2(எக்ஸ் − 5). அடிக்கடி வரும் விடை எக்ஸ் − 10. தவறிய வரி: 3எக்ஸ் − 2எக்ஸ் − 10. ஏன் என்ற பத்தியில் இப்படி எழுத வேண்டும்: ‘−2ஐ −5 உடன் பெருக்காமல், 2ஐ மட்டும் பெருக்கி, உள்ளே இருந்த கழித்தல் குறியை அப்படியே எழுதினேன். (−2) × (−5) = +10.’ இப்படி எழுதியவருக்கு மறுநாள் அடைப்புக்குறியைப் பார்த்ததும் கை ஒரு நொடி நிற்கும்.

விடைப் பக்கம் இல்லாமலே தவறைப் பிடிக்க வழி இருக்கிறது. எக்ஸுக்குப் பதில் 1 என்று போட்டுப் பாருங்கள். தொடக்கக் கோவை: 3 − 2(1 − 5) = 3 + 8 = 11. உங்கள் விடை எக்ஸ் − 10 என்றால் −9 வருகிறது, பொருந்தவில்லை. எக்ஸ் + 10 என்றால் 11. பத்து நொடி வேலை. 0ஐப் போட்டுப் பார்க்காதீர்கள், எக்ஸ் உள்ள உறுப்புகளில் உள்ள தவறு அதில் மறைந்துவிடும்.

பின்னத்திலும் இதுபோல் ஒன்று உண்டு: விடையின் அளவைப் பார்ப்பது. 2/3 + 3/4க்கு 5/7 என்று எழுதுபவர் மேலே மேலே, கீழே கீழே கூட்டியிருக்கிறார். இரண்டு பின்னமும் அரையைவிடப் பெரியவை, கூட்டினால் ஒன்றைத் தாண்ட வேண்டும். 5/7 ஒன்றைவிடச் சிறியது. மீ.சி.ம. எடுக்கும் முன்பே தவறு தெரிந்துவிடும்.

அடித்தல் இன்னொரு தொல்லை. (4 + 6)/6 என்பதில் மேலும் கீழும் உள்ள 6ஐ அடித்து 4 என்று எழுதுவார்கள். உண்மையில் அது 10/6, அதாவது 5/3. மேலே கூட்டல் இருக்கும்போது ஓர் உறுப்பை மட்டும் அடிக்க முடியாது, தொகுதி முழுவதும் பெருக்கலாகப் பிரிந்திருந்தால்தான் அடிக்கலாம். எண்ணில் இந்தத் தவறு உடனே கண்ணில் படும். எழுத்து வந்துவிட்டால் யாருக்கும் தெரிவதில்லை, அதனால் முதலில் எண்ணிலேயே பழகுங்கள்.

காரணிப்படுத்துதலுக்கு வந்தவர்களுக்கு ஒன்று. கூட்டினால் −1, பெருக்கினால் −6 தரும் ஜோடி −3, 2. காரணிகள் (எக்ஸ் − 3), (எக்ஸ் + 2). சமன்பாட்டின் மூலங்கள் 3, −2. ஜோடியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் −3, 2 என்று மூலங்களாக எழுதி முடித்துவிடுவது மிகச் சாதாரணம். ‘காரணி = 0’ என்ற வரியை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள், மனதில் தாண்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டி வகைப்படுத்துங்கள்: குறி, பின்னம், பார்த்து எழுதுவதில் தவறு, கேள்வியின் சொல் புரியாதது, முறையே தெரியாதது. எது அதிகமோ அதை அடுத்த வாரத்தின் முதல் 8 நிமிடத்தில் வையுங்கள்.

7. வகுப்புப் பாடத்தை என்ன செய்வது

அடித்தளம் கட்டும்வரை பள்ளி காத்திருக்காது. ஆனால் பத்தாம் வகுப்பின் எட்டு இயல்களும் ஒரே அளவுக்கு அடித்தளம் கேட்பவை அல்ல. ‘உறவுகளும் சார்புகளும்’ இயலின் தொடக்கப் பயிற்சிகள், நிகழ்தகவு, அளவியல், வடிவியல் வரைதல் ஆகியவற்றுக்கு இருபடிச் சமன்பாடு தேவையில்லை. வாய்ப்பாடும் பின்னமும் இருந்தால் பெரும்பகுதி ஓடும். எனவே வீட்டுப் படிகளோடு சேர்த்து இவற்றை வகுப்பின் வேகத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இயற்கணிதம் மட்டும் பின்னால் வரட்டும்.

வினாத்தாளும் இதற்கு இடம் தருகிறது. 100 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்று வரைதல், ஒன்று வரைபடம்.

வரைதலைப் படிப்பது வேறு, கை பழகுவது வேறு. 7/3 என்ற அளவுகோல் காரணியில் வடிவொத்த முக்கோணம் வரையும்போது கதிரில் ஏழு சம பாகம் குறிக்க வேண்டும், மூன்றாவதை முக்கோணத்தின் முனையோடு சேர்த்து, ஏழாவதிலிருந்து அதற்கு இணைகோடு. மூன்றையும் ஏழையும் மாற்றிச் சேர்த்தால் முக்கோணம் பெரிதாவதற்குப் பதில் சிறிதாகும். வரைந்ததும் காரணி ஒன்றைவிடப் பெரிதா, படமும் பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வரைபடத்துக்கு முழுக்கள் உறுதியாக வேண்டும். ‘எக்ஸின் வர்க்கம் + எக்ஸ் − 2’ என்ற கோவைக்கு −3 முதல் 2 வரை மதிப்பு கண்டால் 4, 0, −2, −2, 0, 4 என்று வரும். வரிசை இருபுறமும் ஒத்திருப்பதைக் கவனியுங்கள். எங்காவது சமச்சீர் உடைந்தால் குறியில் தவறு, பெரும்பாலும் (−3)²ஐ −9 என்று எடுத்திருப்பீர்கள். புள்ளி வைக்கும் முன் அட்டவணையைத் திருத்துங்கள். தாளில் வளைவரை கோணலாக வந்த பிறகு யாரும் அட்டவணைக்குத் திரும்புவதில்லை, வளைத்து வளைத்துச் சேர்த்துவிடுகிறார்கள்.

8. வீடியோவும் ட்யூஷனும்

கணக்குப் போடும் முறையே சுத்தமாகத் தெரியாதபோது மட்டும் வீடியோ. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் தமிழ் வழிப் பாடங்கள் இருக்கின்றன. கணக்கைச் சொன்னதும் நிறுத்தி, நீங்கள் ஒரு தடவை போட்டுவிட்டுப் பிறகு ஓட விடுங்கள். நிறுத்தாமல் பார்த்த வீடியோ கணக்கு நேரத்தில் சேராது.

ட்யூஷனுக்குப் போகிறவர்கள் பிழை நோட்டை எடுத்துப் போங்கள். ‘எனக்கு அல்ஜீப்ரா வரல சார்’ என்றால் அவர் முதலிலிருந்து நடத்துவார். ‘இந்த வரியில நாலு தடவை தப்பாயிருக்கு சார்’ என்றால் ஐந்து நிமிடத்தில் தீரும்.

9. இடையில் விட்டுப்போனால்

காய்ச்சல், திருவிழா, இடைத்தேர்வு, எதுவாகவும் இருக்கலாம். ஒரு வாரம் விட்டுப்போனதும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் ஆசை வரும். வேண்டாம். கடைசியாகத் தாண்டிய வாசல் சோதனையை வேறு எண்களோடு போடுங்கள். ஏழு வந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வராவிட்டால் அந்த ஒரு படி மட்டும். விட்ட நாளுக்கு ஈடு கட்ட ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதும் பலன் தராது, மறுநாள் நோட்டைத் திறக்கவே மனம் வராது.

10. பெற்றோருக்கு

உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘இன்னைக்கு எத்தனை கணக்குப் போட்ட?’ என்று கேட்டால் பிள்ளை சுலபமான கணக்காகப் பார்த்துப் போட்டு எண்ணிக்கை காட்டும். ‘எந்த வரியில மாட்டுச்சு, காட்டு’ என்று கேளுங்கள். பிழை நோட்டின் ஒரு பக்கத்தை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வந்துவிட்டால் அது திருந்திவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனையாவது இயலில் இருக்கிறான் என்ற பேச்சை மட்டும் இந்த முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

11. பழைய வினாத்தாளை எப்போது எடுப்பது

காரணிப்படுத்துதல் வாசலைத் தாண்டும்வரை முழு வினாத்தாள் போட வேண்டாம். அதற்கு முன் போட்டால் தெரியாதவை எவை என்று ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது மறுபடி சொல்லும். அதுவரை, முடித்த இயல்களின் வினாக்களை மட்டும் வெட்டி எடுத்துப் போடுங்கள்.

முழுத்தாள் போடும்போது மூன்று மணி நேரம், ஒரே அமர்வு. முதல் தாளில் நேரம் முடிந்ததும் பேனாவின் நிறத்தை மாற்றி மீதியையும் போட்டு முடியுங்கள். இரண்டாவது நிறத்தில் சரியாக வந்தவை வேகம் போதாத கணக்குகள், அவற்றுக்குத் தினமும் நேரம் குறித்துப் போடும் பயிற்சி. இரண்டு நிறத்திலும் வராதவற்றுக்கு மறுபடி 4ஆம் பகுதியின் முறை, தாளால் மூடிய எடுத்துக்காட்டிலிருந்து.